அந்த ஒரு வரி இல்லாத ஹார்மோன் ரிப்போர்ட்டுக்கு 168 வெள்ளி

சிங்கப்பூர் பஃபலோ ரோடு பக்கம் நான் வழக்கமாகப் புருவம் திருத்திக்கொள்ளும் கடை அக்காவுக்கு, என் உடம்பில் ஏதோ கோளாறு என்பது எந்த டாக்டருக்கும் முன்னால் தெரிந்துவிட்டது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி, "தாடைக்கு எடுத்துப் பத்து நாள்கூட ஆகலையே தங்கச்சி, அதுக்குள்ள மறுபடி முளைச்சிருக்கே" என்றார். பூனைமுடி என்றால் விட்டிருப்பேன். இது கறுப்பாக, தடித்து, விரலால் தடவினால் குத்துகிற ரகம். அம்மாவிடம் சொன்னால் கஸ்தூரி மஞ்சள் பூசு என்பார். பூசினேன். தலையணை உறைதான் மஞ்சளானது.

எனக்கு வயது 34. செங்காங்கில் வீடு, ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் கணக்கு வேலை. மாதவிலக்கு 45 நாள், 60 நாள் என்று இஷ்டத்துக்கு வரும். தாடை முடியும் சேர்ந்துகொண்டதும், சரி, ஹார்மோன் டெஸ்ட் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு இடத்தில் எடுத்தேன். இந்த விமர்சனம் முக்கியமாக இரண்டாவது இடத்தைப் பற்றியது. இரண்டின் பெயரையும் போடப் போவதில்லை. ஒன்றைக் குறை சொல்லி இன்னொன்றைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தால் விளம்பரம் என்பீர்கள். எந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே போய் நின்றாலும், ரிப்போர்ட்டில் எஸ்எச்பிஜி என்ற ஒரு புரதத்தின் வரியைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதல் இடம் ஒரு கடைத்தொகுதியின் மூன்றாம் மாடி. வரவேற்பறையில் எலுமிச்சை மிதக்கும் தண்ணீர்ச் சாடி, வெள்ளை ஆர்க்கிட். 'பெண்கள் ஹார்மோன் பேக்கேஜ்', ஜிஎஸ்டி வரியோடு 168 வெள்ளி. மூன்றாம் நாள் ஒன்பது பக்க ரிப்போர்ட் வந்தது, வழவழ தாளில். முகத்தில் தடித்த முடியைத் தூண்டும் ஹார்மோனான டெஸ்டோஸ்டெரோன்: லிட்டருக்கு 1.6 நானோமோல். பக்கத்தில் அந்த லேபின் வரம்பு 1.9 வரை என்று போட்டு, ஒரு பச்சை டிக். பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரடையோலுக்கும் பச்சை டிக். ஒன்பது பக்கமும் பச்சைப் பசேலென்று வயல் மாதிரி இருந்தது. ஆலோசனை என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்தவர், "எல்லாம் நார்மல், கொஞ்சம் ஸ்ட்ரெஸ்தான்" என்று சொல்லி, வெளியே வரும்போது ஒரு கொலாஜன் பொடி டப்பாவைக் காட்டினார். நான் வாங்கவில்லை. ஆனால் ஆறு மாதம் அந்தப் பச்சை டிக்கை நம்பிக்கொண்டு சும்மா இருந்தேன். கோபம் அந்த ஆறு மாதத்துக்குத்தான், 168 வெள்ளிக்குக்கூட இல்லை.

இரண்டாவது இடம் ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். கடைவீட்டு மாடி, குறுகலான படி, கீழே சாம்பிராணி வாசம். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒரு தோழி சொல்லித்தான் போனேன். ஆர்க்கிட் கிடையாது. பழைய நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும்.

இங்கே ரத்தம் எடுப்பதற்கு முன்பே கேள்வி கேட்டார்கள். கடைசி மாதவிலக்கு எப்போது? கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சாப்பிட்டிருந்தால் நிறுத்தி எவ்வளவு நாளாகிறது? தைராய்டு உண்டா? வீட்டில் யாருக்காவது சர்க்கரை? முதல் இடத்தில் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டேன் என்றேன். டாக்டர் தலையைத் தூக்கி, "அந்த இரண்டு வருடம் முகம் எப்படி இருந்தது?" என்றார். யோசித்துப் பார்த்தால், முகம் அப்போதுதான் பளிச்சென்று இருந்தது. மாமியார் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொண்டது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம், அந்தப் பாராட்டை மாமியாரிடமிருந்து திரும்ப வாங்க வேண்டியதாகிவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மாதவிலக்கு வந்த மூன்றாம் நாள், வெறும் வயிற்றில், காலை 8.15க்கு வரச் சொன்னார்கள். ரத்தம் எடுத்த நர்ஸக்கா தஞ்சாவூர்க்காரர், ஊசி போட்டதே தெரியவில்லை. மூன்று குழாய்: மஞ்சள் மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடி. நான் சும்மா இருக்காமல், எதுக்கு இத்தனை கலர் என்று கேட்டேன். சாம்பல் சர்க்கரைக்கு, ஊதா மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக்கு, மஞ்சள் மற்ற எல்லாவற்றுக்கும் என்றார். அதோடு விடாமல், ஏற்கெனவே சுழற்றி எடுத்து வைத்திருந்த ஒரு மஞ்சள் மூடிக் குழாயைத் தள்ளி நின்று காட்டினார், பெயர்ச் சீட்டை விரலால் மறைத்துக்கொண்டு. அடியில் சிவப்பு, நடுவில் ஒரு ஜெல் வளையம், மேலே கள் தெளிந்த மாதிரி வெளிர்மஞ்சள் நீர். "இந்தத் தண்ணிலதாம்மா ஹார்மோனைப் பார்ப்பாங்க" என்றார்.

அந்தத் தண்ணீரில் ஹார்மோன் எப்படி இருக்கிறது என்பதில்தான் எல்லா விஷயமும் அடங்கியிருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நான்கு வேலைநாள் கழித்துப் போனேன். டாக்டர் ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி, பேச்சு முழுக்க ஆங்கிலம், நடுநடுவே சிங்கப்பூர் 'லா'. ரிப்போர்ட் இரண்டே பக்கம், கறுப்பு வெள்ளை. டெஸ்டோஸ்டெரோன் அதே 1.6. நான் அலுத்துக்கொண்டேன். அவர் பேனாவால் அடுத்த வரியைத் தட்டினார். எஸ்எச்பிஜி: 17 நானோமோல். அந்த லேபின் கீழ்வரம்பு 30க்கு மேல். பக்கத்தில் ஒரு கீழ்நோக்கிய அம்புக்குறி.

செக்ஸ் ஹார்மோன் பைண்டிங் குளோபுலின் என்பது முழுப்பெயர். கல்லீரல் செய்து ரத்தத்தில் விடும் ஒரு புரதம். டெஸ்டோஸ்டெரோன், ஈஸ்ட்ரடையோல் எல்லாம் கொலஸ்ட்ராலிலிருந்து பிறப்பவை. ரசத்தின் மேல் தாளிப்பு எண்ணெய் ஒட்டாமல் மிதக்கிற மாதிரி, இவற்றுக்கும் தண்ணீருக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. அதனால் ரத்தத்தில் ஊர்சுற்ற ஏதாவது புரதத்தைப் பிடித்துக்கொண்டாக வேண்டும். பிடிக்க முக்கியமாக இரண்டு பேர். ஒன்று எஸ்எச்பிஜி, இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் எண்ணிக்கை குறைவு. இன்னொன்று அல்புமின், ரத்தத்தில் எக்கச்சக்கமாக இருக்கும், ஆனால் பிடி தளர்ச்சி. ஒரு மூலக்கூறின் பிடியை மட்டும் ஒப்பிட்டால் எஸ்எச்பிஜியின் பிடி அல்புமினைவிடப் பல ஆயிரம் மடங்கு வலு. கார்ட்டிசோலைச் சுமக்கும் வேறொரு குளோபுலினும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும், அது சில்லறை. சராசரியாக ஒரு பெண்ணின் டெஸ்டோஸ்டெரோனில் மூன்றில் இரண்டு பங்கு எஸ்எச்பிஜியோடும், முப்பது சதவீதம் போல அல்புமினோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். தனியாகத் திரிவது ஒன்று, ஒன்றரை சதவீதம்தான். வேலை நடப்பது முக்கியமாக இந்தத் தனியாகத் திரிகிறவற்றால். அல்புமினிலிருந்து சுலபமாகக் கழன்று வருபவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள்.

டாக்டர் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் ஒரு ரயில்பெட்டி வரைந்தார். நான் செங்காங்கிலிருந்து ஊதாப் பாதையில் வருகிறேன் என்பது என் முகவரியைப் பார்த்தே அவருக்குத் தெரியும். உட்கார்ந்திருப்பவர்கள் எஸ்எச்பிஜியில் இருப்பவர்கள், லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். கதவோரம் கம்பியைப் பிடித்து நிற்பவர்கள் அல்புமினில் இருப்பவர்கள். நடைமேடையில் இறங்கிவிட்டவர்கள்தான் சுதந்திரமானவர்கள், அவர்கள்தான் ஆபீஸ் போய் வேலை பார்ப்பார்கள். "உன் ரயிலில் ஆட்கள் எண்ணிக்கை சாதாரணம்தான். யாரோ இருக்கைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்" என்றார். இருக்கை குறைந்தால் கதவோரக் கூட்டம் கூடும், ஒவ்வொரு நிலையத்திலும் இறங்குகிறவர்களும் கூடுவார்கள். முதல் ரிப்போர்ட் பயணிகளை மட்டும் எண்ணிவிட்டுப் பச்சை டிக் போட்டிருக்கிறது.

கணக்கு வேலை பார்க்கிறவள் என்பதால் இந்த உவமையில் எனக்கு ஒரு குறை. ரயிலில் இறங்கினவர் இறங்கினவர்தான். இங்கே ஏறுவதும் இறங்குவதும் கணத்துக்குக் கணம் நடந்துகொண்டே இருக்கிறது, ஒரு சமநிலையில். சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். மொத்த டெஸ்டோஸ்டெரோன், எஸ்எச்பிஜி, அல்புமின் மூன்றையும் போட்டால், அந்தச் சமநிலையில் தனியாக இருப்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்லும். பெல்ஜியத்தில் கென்ட் நகரத்து வெர்மியூலனும் அவர் சகாக்களும் 1999இல் அலசி எழுதிய கணக்குமுறை இது என்றார். தனி டெஸ்டோஸ்டெரோனை நேராக அளக்க மலிவான கிட்கள் உண்டு. பெண்களுக்கு இருக்கும் சொற்ப அளவில் அவற்றை நம்ப முடியாது. சவ்வு வழியாக வடியவிட்டு அளக்கும் முறை துல்லியமானது, ஆனால் நேரமும் பணமும் பிடிக்கும். அதனால் கணக்கே நல்லது.

1.6, 17, அல்புமின் 42 கிராம். விடை: 41 பிக்கோமோல் (ஆயிரம் பிக்கோமோல் ஒரு நானோமோல்). மொத்தத்தில் இரண்டரை சதவீதம்.

பிறகு அவர் 17ஐ அழித்து 80 என்று போட்டார். மற்ற இரண்டையும் தொடவில்லை. விடை 16 ஆகிவிட்டது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். அதே 1.6 உள்ள இன்னொரு பெண்ணைவிட என் தாடை மயிர்க்கால்களுக்கு இரண்டரை மடங்கு டெஸ்டோஸ்டெரோன் கிடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணும் அந்த முதல் இடத்துக்குப் போயிருந்தால், எங்கள் இருவருக்கும் ஒரே பச்சை டிக்.

கணினி இல்லாமல் செய்ய ஒரு குறுக்குவழியும் உண்டு. மொத்த டெஸ்டோஸ்டெரோனை எஸ்எச்பிஜியால் வகுத்து நூறால் பெருக்கினால் தனி ஆண்ட்ரோஜன் குறியீடு (ஆண்ட்ரோஜன் என்றால் டெஸ்டோஸ்டெரோன் வகை ஹார்மோன்). எனக்கு 9.4. ஐந்தைத் தாண்டினாலே பல டாக்டர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். மாதவிலக்கு தள்ளிப்போவது ஒன்று, இந்த ஆண்ட்ரோஜன் மிகுதி இரண்டு, ஸ்கேனில் கருப்பையின் பக்கத்தில் இருக்கும் சினைப்பைகளில் சின்னச் சின்ன நீர்ப்பைகள் மூன்று. 2003இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல்படி, வேறு காரணம் இல்லை என்று பார்த்தபின், மூன்றில் இரண்டு இருந்தாலே பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி. முதலிரண்டே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இருக்கைகளைக் கழற்றியது யார் என்பதற்கும் பதில் ரிப்போர்ட்டிலேயே இருந்தது. என் எடை 74 கிலோ, உயரம் 160 சென்டிமீட்டர், பிஎம்ஐ 28.9. சிங்கப்பூரில் 27.5ஐத் தாண்டினாலே அதிக அபாயம் என்று வைத்திருக்கிறார்கள், நம் ஆட்களுக்கு வயிற்றில் கொழுப்பு சீக்கிரம் சேரும் என்பதால். கல்லீரலில் கொழுப்பு படிந்து, இன்சுலினும் அதிகமாகச் சுற்றும்போது, கல்லீரல் எஸ்எச்பிஜியைக் குறைவாகவே செய்யும். அதே இன்சுலின் சினைப்பையை வேறு தட்டி எழுப்பி, இன்னும் கொஞ்சம் டெஸ்டோஸ்டெரோன் செய் என்று சொல்லும். அதாவது இருக்கையைக் கழற்றுவதும் ஆளை ஏற்றுவதும் ஒரே கை. தைராய்டு மந்தமாக இருந்தாலும் எஸ்எச்பிஜி குறையும், அதனால்தான் அதையும் சேர்த்துப் பார்த்தார்கள். எனக்கு அது சரியாக இருந்தது.

மாமியார் சாப்பாட்டு விஷயம். கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் வாய்வழியாகப் போய் நேரே கல்லீரலைத் தொடும், கல்லீரல் எஸ்எச்பிஜியை நிறையச் செய்யும். சினைப்பையும் கொஞ்சம் அடங்கும். இருக்கைகள் கூடின, இறங்குகிறவர்கள் குறைந்தார்கள், முகம் தெளிந்தது. கர்ப்ப காலத்தில் இது பல மடங்கு ஏறுமாம். மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாவது ஆகாமல் இந்த டெஸ்ட் எடுத்தால், எண்கள் மாத்திரையைத்தான் காட்டும், உங்களை அல்ல. முதலில் அந்தக் கேள்வியைக் கேட்ட காரணம் இதுதான். ஒரு கிளினிக் இதைக் கேட்கிறதா இல்லையா என்பதே எனக்கு இப்போது தராசு.

இனி குறைகள். எட்டே காலுக்கு வரச் சொல்லிவிட்டு ரத்தம் எடுத்தது ஒன்பதேகாலுக்கு. வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம், கீழே யாரோ தோசை வார்க்கிறார்கள், சித்திரவதை. போன் போட்டால் எடுக்க மாட்டார்கள், வாட்ஸ்அப் செய்தால் மறுநாள் பதில். எஸ்எச்பிஜி, அல்புமின், தைராய்டு, சர்க்கரை, டாக்டர் கட்டணம் எல்லாம் சேர்த்து 214 வெள்ளி ஆனது. கையிலிருந்துதான் கொடுத்தேன். முதல் இடத்தைவிட 46 வெள்ளி அதிகம், ஆனால் டாக்டர் என்னோடு முப்பது நிமிடம் உட்கார்ந்தார். ரிப்போர்ட்டில் தனி டெஸ்டோஸ்டெரோன் எண் அச்சாகி வரவில்லை, டாக்டர் கையால் எழுதினதுதான். இவ்வளவு தெரிந்தவர்கள் அதையும் அச்சிட்டுக் கொடுத்திருக்கலாம். வேறு டாக்டரிடம் காட்டும்போது அந்தக் கையெழுத்தைப் படித்துக் காட்டுவதே என் வேலையாகிவிட்டது.

எட்டு மாதம் கழித்து மறுபடி எடுத்தேன். அதே நர்ஸக்கா, அதே ஆடும் நாற்காலி. இடைப்பட்ட காலத்தில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, சாயங்காலம் செங்காங் நதியோரப் பூங்காவில் நடை, காலை சர்க்கரை போடாத கோப்பி கோசோங். பரோட்டாவை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்தேன், முழுக்க விடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். எடை 68. டெஸ்டோஸ்டெரோன் 1.5. முதல் இடத்துக் கண்ணோடு பார்த்தால் எட்டு மாதப் பாடும் வீண், 1.6 போய் 1.5, அவ்வளவுதான். ஆனால் எஸ்எச்பிஜி 17லிருந்து 29 ஆகியிருந்தது. தனி டெஸ்டோஸ்டெரோன் 41லிருந்து 29. குறியீடு 5.2. இன்னும் கோட்டுக்கு மேலேதான், ஆனாலும் இறங்கியிருக்கிறது. மாதவிலக்கு 35 நாளுக்கு ஒருமுறை வருகிறது. முளைத்த முடி முளைத்ததுதான், தானாக உதிர்ந்துவிடாது, வளரும் வேகம்தான் குறையும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். பஃபலோ ரோடு அக்காவிடம் இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை போகிறேன். அவருக்கு வருமானம் குறைந்ததில் கொஞ்சம் வருத்தம்.

என் கணவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தானும் டெஸ்டோஸ்டெரோன் டெஸ்ட் எடுக்கப்போவதாகக் கிளம்பினார். எடுத்தார், மொத்தம் கொஞ்சம் குறைவு, ஒரே பதற்றம். அவருக்கும் தொப்பை, அவருக்கும் எஸ்எச்பிஜி குறைவு. கணக்குப் போட்டால் தனியாக இருப்பது சரியாகவே இருந்தது. ஒரே புரதம்தான், என் எண்ணை நல்லதாகவும் அவர் எண்ணைக் கெட்டதாகவும் காட்டி இரண்டு பேரையும் ஏமாற்றியிருக்கிறது. டெஸ்டோஸ்டெரோன் ஊசி பற்றி எங்கோ படித்துக்கொண்டிருந்தவர், அதை மூடி வைத்துவிட்டு நடக்க வருகிறார்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். போன் எடுக்காததற்கு அரை, கையெழுத்துக்கு அரை. போகிறவர்கள் கவுண்டரிலேயே, "பேக்கேஜில் எஸ்எச்பிஜியும் அல்புமினும் இருக்கிறதா?" என்று கேளுங்கள், எந்த கிளினிக்காக இருந்தாலும். சனிக்கிழமை வேண்டாம், படிவரை வரிசை நிற்கும். புதன் காலை போங்கள், பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கட்டும், ஊசி போட்டதும் தின்பதற்கு.